தங்கவயலின் நுரையீரலும் பயிற்சி மருத்துவரின் ஓராண்டும்

இந்தியாவில் மருத்துவம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் கோலார் தங்கவயலின் பெயரை ஒருமுறையேனும் மனப்பாடம் செய்திருப்பார். சமூக மருத்துவப் பாடநூலில், தொழில்சார் நோய்கள் பற்றிய அத்தியாயத்தில் அது ஒரு வரியாக வருகிறது. சிலிக்கோசிஸ் எனும் கல்தூசி நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலில் எங்கே, எப்போது பதிவாயிற்று? கோலார் தங்கச் சுரங்கத்தில், 1947இல். தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணையும் பெற்று, இறுதித் தேர்விலும் வென்று, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் பயிற்சி மருத்துவராக வார்டுக்குள் நுழையும் இளைஞரின் முன்னால், அந்த ஒரு வரிக்குள் புதைந்துகிடக்கும் தொழிலாளி ஒருநாள் இருமிக்கொண்டு வந்து அமர்ந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் சீட்டு எழுதப்படும். காசநோய் என்று எண்ணி மருந்து தரப்படும். "என்ன வேலை செய்தீர்கள்?" என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாது.

அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுவதில்லை என்பது இளம் மருத்துவர் ஒருவரின் கவனக்குறைவு பற்றிய பிரச்சினை அன்று. நாட்டின் மருத்துவர்கள் எங்கே, யாருக்காக, எந்த நிலைமைகளில் உருவாக்கப்படுகிறார்கள் என்பது பற்றிய அரசியல் பிரச்சினை அது.

நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் வரும் 12 மாதக் கட்டாயச் சுழற்சிமுறைப் பயிற்சி இல்லாமல் எவரும் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் இந்த ஓராண்டைத் துறைதோறும் பங்கிட்டுள்ளன. பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைச் சிகிச்சைக்கும் தலா 6 வாரம். மகப்பேறு, குடும்பநலத்துக்கு 7 வாரம். குழந்தை மருத்துவத்துக்கு 3 வாரம். மனநலம், மயக்கவியல், எலும்பியல், கண், காது மூக்கு தொண்டை, அவசரச் சிகிச்சை ஆகியவற்றுக்குச் சில வாரங்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக, 12 வாரம், சமூக மருத்துவத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. விடுதலைக்கு முந்தைய ஆண்டில், 1946இல், அறிக்கை அளித்த போர் குழு, பணம் கொடுக்க இயலாதவர் என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கோட்பாட்டை முன்வைத்தது. அதற்கேற்ற மருத்துவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதையும் அது சொன்னது. நோயை மட்டுமின்றி, நோயை விளைவிக்கும் வாழ்நிலையையும் படிக்கத் தெரிந்த சமூக மருத்துவர் வேண்டும். அதற்காக நோய்த் தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் 3 மாதப் பயிற்சி வேண்டும் என்றது. இன்றைய 12 வாரத்தின் வேர் அங்கே இருக்கிறது. காகிதத்தில் அந்த வேர் பட்டுப்போகவில்லை.

அந்தப் பயிற்சிக்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இந்தியாவில் அரிது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்த நாள்முதல், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நிலமற்ற தமிழ், தெலுங்கு உழைப்பாளர்கள், அவர்களில் மிகப்பெரும்பாலோர் தலித்துகள், குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், கோரமண்டல், ஸ்கெலட்டன் என்று அவர்கள் வாழ்ந்த குடியிருப்புகள் பரந்தன. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையே 60 பாகைக்கு மேல் சுடும் இடத்தில், அவர்கள் துளையிட்டார்கள், வெடி வைத்தார்கள், கல் சுமந்தார்கள். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் மேலே வந்தது. சுரங்கத்துக்கு மின்சாரம் தர 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுக்கப்பட்டது. கீழே இறங்கிய தொழிலாளியின் நுரையீரலில் படிந்த தூசிக்கு மட்டும் கணக்கு எழுதப் பல பத்தாண்டுகள் ஆயின. 1940களில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இருவருக்கும் மேல் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. பாடநூலின் அந்த ஒரு வரி இப்படித்தான் எழுதப்பட்டது.

சாம்பியன் ரீஃபில் இருந்த சுரங்க மருத்துவமனை இந்த உடல்களை அறிந்திருந்தது. பாறை வெடிப்பில் நசுங்கிய கால்கள், மூச்சுக்குத் தவிக்கும் மார்புகள், லைன் வீடுகளின் பிரசவங்கள் எல்லாம் அதன் வாசலுக்கே வந்தன. அது கம்பெனியின் கருணையால் நடந்த மருத்துவமனை அன்று. ஆழத்துக்கு ஆள் இறக்க வேண்டுமானால் ஆளைப் பழுதுபார்க்கவும் ஓரிடம் வேண்டும் என்ற மூலதனத்தின் கணக்கும், சங்கம் கட்டிப் போராடிய தொழிலாளர்களின் அழுத்தமும் சேர்ந்து அதை நிலைநிறுத்தின. 1956இல் மைசூர் அரசும் 1962இல் ஒன்றிய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று, நட்டத்தைக் காரணம் காட்டி, சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தோடு மருத்துவமனையும் முடங்கியது. தங்கம் தீர்ந்தால் தொழிலாளியின் நுரையீரலும் நலமாகிவிடும் என்று அரசு எண்ணியது போலும்.

சிலிக்கோசிஸ் அப்படிப்பட்ட நோய் இல்லை. நுண்ணிய சிலிக்காத் தூசி மூச்சுக் குழல்களின் கடைசி நுனிவரை செல்கிறது. அதை விழுங்க வரும் உயிரணுக்கள் மடிகின்றன. அவ்விடத்தில் தழும்பு கட்டுகிறது. நுரையீரல் சிறிது சிறிதாக விறைத்துப்போகிறது. தூசியோடு உறவு அறுந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் இந்தத் தழும்பு வளரும். வேலைக்குச் சேர்ந்து 10, 20 ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டுவதும் உண்டு. பழுதான அந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். சிலிக்கோசிஸைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. 2001இல் 30 வயதில் சுரங்கத்தை விட்டு வெளியேறியவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். சுரங்கம் மூடிய பிறகே அவருடைய நோய் வெளிப்படத் தொடங்கியிருக்கக்கூடும்.

இங்கேதான் பயிற்சி மருத்துவரின் ஒரு கேள்வி உயிரும் வாழ்வாதாரமும் சார்ந்த விஷயமாகிறது. எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றக்கூடியவை. இரண்டையும் பிரித்தறிய முதல் திறவுகோல் நோயாளியின் தொழில் வரலாறு. காசநோய் என்று எழுதப்பட்டால் அது அவருடைய சொந்த நோய். அவருடைய வறுமை, அவருடைய பீடி, அவருடைய தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதப்பட்டால் அது முதலாளியின் பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழேயே இழப்பீட்டுக்குரியதாக இருந்த நோய். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 25ஆம் பிரிவில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. சுரங்கத்தில் வேலை செய்கிற அல்லது முன்பு வேலை செய்த ஒருவருக்கு இத்தகைய நோய் இருப்பதாக ஒரு மருத்துவர் கருதினால், தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று அது கடமை விதித்தது. தொழிலாளர் உரிமைகள் பலவற்றை நறுக்கிய புதிய சட்டத் தொகுப்பாலும் இந்தக் கடமையை நீக்கிவிட முடியவில்லை. ஆனால் கேள்வி கேட்கப்படாத இடத்தில் கடமை பிறப்பதே இல்லை. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸினி, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்குமாறு மருத்துவர்களுக்குச் சொன்னார். 300 ஆண்டுகளுக்குப் பின்னும், பல மருத்துவமனைகளின் நோயாளிச் சீட்டில் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று ஒரே சொல் எழுதப்படுகிறது. எந்தக் கூலி, எந்தத் தூசி, எத்தனை ஆண்டு என்பதற்கு அங்கே இடமில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்பும் கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 24 மணி நேரமாகத் தூங்காத பயிற்சி மருத்துவரின் கை. ரத்தம் எடுப்பது, சலைன் ஏற்றுவது, மாதிரிகளை ஆய்வகத்துக்குச் சுமந்து செல்வது, முடிவுகளைத் தேடி வாங்கிவருவது, ஆள் இல்லாதபோது ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது என்று அவருடைய நாள் கரைகிறது. செவிலியர், ஆய்வக நுட்பநர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோரின் காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசுகள், அந்த ஓட்டைகளை அடைக்கப் பயிற்சி மருத்துவரைப் பயன்படுத்துகின்றன. கற்பிக்க வேண்டிய பேராசிரியருக்கு நோயாளிக் கூட்டத்தில் நேரமில்லை. துறைகளைச் சுற்றிவருவது கல்வியாக அமையாமல், ஒரு வார்டின் ஆள் பற்றாக்குறையிலிருந்து மற்றொரு வார்டின் ஆள் பற்றாக்குறைக்கு மாற்றலாகிச் செல்வதாக முடிகிறது.

இவர்களை மாணவர் என்று அழைத்தால் ஊதியம் தர வேண்டியதில்லை. மருத்துவர் என்று அழைத்தால் எந்த வேலையும் வாங்கலாம். இந்த இரட்டைப் பெயரில்தான் சுரண்டல் ஒளிந்திருக்கிறது. 2021 விதிமுறைகள் உதவித்தொகை உண்டு என்கின்றன. எவ்வளவு என்பதை உரிய அதிகார அமைப்பின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. 2023 செப்டம்பரில், தலைநகரிலுள்ள ஒரு கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்றுதான் மாதம் 25,000 ரூபாய்க்கு உத்தரவு பெற முடிந்தது. நாட்டின் கல்லூரிகளில் 70 விழுக்காடு உரிய உதவித்தொகை வழங்குவதில்லை என்று மனுதாரர் தரப்பு அங்கே முறையிட்டது. நீதிமன்றம் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. கட்டணமாக லட்சக்கணக்கில் வாங்கிய தனியார் நிர்வாகங்கள், ஓராண்டு உழைப்பையும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் காட்சி இது.

ஊதியம் போலவே வேலை நேரமும். உறைவிட மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 1992இல் எழுதியது. அந்தத் தாள் மஞ்சளாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நெடிய பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்ற 31 வயதுப் பயிற்சி மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டபோதுதான், ஓய்வறை என்ற ஒன்று தேவை என்பது நாட்டின் ஆட்சியாளர்களுக்கு நினைவு வந்தது. அவர் படித்துக்கொண்டிருந்தது நுரையீரல் மருத்துவம். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே 10 அன்று, கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பயிற்சிப் பணியில் இருந்த 23 வயது வந்தனா தாஸ், காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். அவ்விருவரின் மரணத்துக்கும் தனிநபர் குற்றவாளிகள் உண்டு. பாதுகாப்பற்ற பணியிடத்தை இயல்பானதென ஆக்கிய நிர்வாகங்களின் குற்றம் அதனோடு கழிந்துவிடாது.

இந்த நிலைமைகளிலிருந்து தப்பிக்க இளம் மருத்துவருக்குக் காட்டப்படும் ஒரே வழி முதுநிலை நீட் தேர்வு. ஆகவே அந்த ஓராண்டின் மிச்ச நேரத்தை எல்லாம் பயிற்சி மையங்களின் காணொலிகளும் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாக்களும் தின்றுவிடுகின்றன. சமூக மருத்துவத்தின் 12 வாரம், தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த விடுமுறையாகப் பல இடங்களில் கருதப்படுகிறது. நிர்வாகங்களும் கையெழுத்திட்டு விட்டுவிடுகின்றன. பாடநூலின் கோலார் அந்த வினாத்தாளிலும் வரலாம். உண்மையான கோலாருக்கு யாரும் வருவதில்லை. இதற்காக இளைஞர்களைப் பழிப்பது எளிது. கிராமத்துக்குப் போக மறுக்கிறார்கள், பணத்துக்கு ஓடுகிறார்கள் என்று அமைச்சர்கள் பேசுவதும் வழக்கம். கடன் வாங்கிப் படிக்க வைத்துவிட்டு, நிரந்தரப் பணியிடங்களை ஒப்பந்தப் பணிகளாக்கிவிட்டு, சேவை மனப்பான்மை இல்லை என்று குறைசொல்வது நேர்மையாகாது. படிப்பு முடிந்தபின் ஓராண்டு கட்டாய ஊரகச் சேவைக்காகக் கர்நாடகம் 2012இல் சட்டமே இயற்றியது. மருந்தும் கருவியும் குடியிருப்பும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சட்டத்தால் ஆளை அனுப்பலாம். மருத்துவத்தை அனுப்பிவிட முடியாது.

தங்கவயலின் இன்றைய நிலையே இதற்குச் சான்று. கோலார் மாவட்டத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. விடியலுக்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். சுரங்கத் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது கட்டுமானத் தூசியை, கல் அறுக்கும் தூசியைச் சுவாசிக்கிறார்கள். நகரைச் சுற்றி சயனைடு மேடுகளாகக் குவிந்துகிடக்கும் 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு மண், காற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் வந்து படிகிறது. அந்த மண்ணில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் தந்துவிட்டது. மேட்டைக் கிளறினால் எழும் தூசியை யார் அளப்பது, அங்கே வேலை செய்வோரின் மார்பை யார் பரிசோதிப்பது என்பதுதான் முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. தங்கத்தைப் பற்றிப் பேசும்போது இருக்கும் அவசரம், நுரையீரலைப் பற்றிப் பேசும்போது இருப்பதில்லை.

மூடிக்கிடந்த சுரங்க மருத்துவமனையை 2021இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, தன்னார்வலர்கள் கூடித் துப்புரவு செய்தார்கள். ஒட்டடை படிந்த வார்டுகளில் மீண்டும் படுக்கைகள் போடப்பட்டன, நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 20 ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது, மக்கள் கைவைத்தபோது சில வாரங்களில் முடிந்தது. கட்டடம் இருக்கிறது, தேவை இருக்கிறது, உழைக்கும் கைகள் இருக்கின்றன என்பதை அந்த நாட்கள் காட்டின. இல்லாதிருந்தது அரசின் விருப்பம் ஒன்றுதான்.

சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் மருத்துவத்தைத் தாங்களே கட்டி எழுப்பிய முன்னுதாரணமும் இந்தியாவில் உண்டு. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில், பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது வெட்டிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்களில் ஒருவரான குசும் பாய், பிரசவத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். இனி ஒருவரும் அப்படிச் சாகக் கூடாது என்று உறுதிகொண்ட தொழிலாளர்கள், சங்கர் குஹா நியோகியின் தலைமையில், சொந்த உழைப்பாலும் சொந்தப் பணத்தாலும் 1983இல் ஷஹீத் மருத்துவமனையைத் திறந்தனர். பினாயக் சென் உள்ளிட்ட இளம் மருத்துவர்கள் அங்கே சென்றார்கள். தொழிலாளர்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். மருத்துவர்கள் தொழிலாளர்களிடமிருந்து சுரங்கத்தைக் கற்றனர். போர் குழு காகிதத்தில் கனவு கண்ட சமூக மருத்துவர்கள் உருவானது, கார்ப்பரேட் மருத்துவமனைகளின் குளிரூட்டிய கூடங்களில் அன்று. இந்தச் செம்மண் சுரங்க நகரில்தான்.

எனவே இரண்டு நீதிகள் ஒன்றாகக் கோரப்பட வேண்டும். பயிற்சி மருத்துவர் ஓர் உழைப்பாளி. அவருக்குச் சட்டப்பூர்வமான குறைந்தபட்ச உதவித்தொகை அரசு, தனியார் என்ற பேதமின்றி நாடு முழுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும். வாரம் 48 மணி நேர வரம்பு, ஓய்வறை, பாதுகாப்பு, ஊசி குத்துக் காயங்களுக்கு உடனடிச் சிகிச்சை ஆகியவை ஆய்வுக்கு உட்பட்ட உரிமைகளாக வேண்டும். செவிலியர், நுட்பநர், பணியாளர் காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பாமல் இவை எதுவும் நடவாது.

நோயாளியும் ஓர் உழைப்பாளி. அவருக்கான மருத்துவக் கல்வி வேண்டும். சமூக மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதி சுரங்கம், குவாரி, பட்டாசு, ஆடை, சாயப் பட்டறைப் பகுதிகளில், தகுதியான ஆசிரியர்களின் கீழ் நடத்தப்பட வேண்டும். ஒவ்வொரு நோயாளிச் சீட்டிலும் முழுமையான தொழில் வரலாறு இடம்பெற வேண்டும். சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கென ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து, சான்றளிப்பு, நிதியுதவி, ஓய்வூதியம் என வழிசெய்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் தங்கள் தொழிலாளர்களுக்கு அதற்குக் குறையாத ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தங்கவயலில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் அனைவருக்கும், பெண்களுக்கும் சயனைடு மேடுகளை ஒட்டி வாழ்வோருக்கும் சேர்த்து, மார்புப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். சுரங்க மருத்துவமனை முழுமையான பொது மருத்துவமனையாக, தொழில்சார் நோய்களுக்கான சிறப்புப் பிரிவோடும் பயிற்சி மருத்துவர்களோடும் மீண்டும் திறக்கப்பட வேண்டும். கழிவு மண்ணில் தங்கம் தேடும் முன் இது முடிக்கப்பட வேண்டும். அதன் செலவை அந்தத் தங்கமே ஏற்கட்டும்.

இந்தக் கோரிக்கைகளை மருத்துவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தனித்தனியே எழுப்பிவருகின்றன. ஆர்.ஜி. கர் கொடுமைக்குப் பின் வீதிக்கு வந்த இளம் மருத்துவர்களோடு உழைக்கும் மக்களும் பெண்களும் இரவுகளில் அணிவகுத்தபோது, அந்த இரு குரல்களும் ஒன்றுசேர முடியும் என்பது தெரிந்தது. 36 மணி நேரம் விழித்திருக்கும் மருத்துவரும், இருமலில் இரவெல்லாம் விழித்திருக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளியும் ஒரே அமைப்பால் வதைக்கப்படுகிறவர்கள். மருத்துவர் தம் வேலை நேரத்துக்காகப் போராடும்போது தொழிலாளி உடன் நிற்கட்டும். தொழிலாளியின் நோய்க்குச் சரியான பெயரை எழுத மருத்துவர் பேனாவை எடுக்கட்டும். பாடநூலின் அந்த ஒரு வரிக்கு அப்போதுதான் பொருள் உண்டாகும்.